மடிப்பாக்கத்துக்கு அனுமதி இல்லை

“கோதண்டராமன் போயிட்டார்னு தோணறது” என்றாள் சூடாமணி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, வாழைப்பூவை மடல் மடலாகப் பிரித்து நரம்பு உருவிக்கொண்டிருந்தாள். எங்கள் சொந்தத்தில் கோதண்டராமன் என்று யாரும் கிடையாது. இந்தக் கட்டடத்திலும் இல்லை. இருந்தாலும் எந்தக் கோதண்டராமன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒருவர்தான் உண்டு. அவரை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. மூன்று வருடமாக என் மனைவியின் வலைத்தளத்தில் முதல் பின்னூட்டம் போட்டு வந்தவர். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் கட்டுரை ஏறும். பதினொன்று ஐந்துக்கு, ‘முதல் பின்னூட்டம். மிக அருமை. கோதண்டராமன், மடிப்பாக்கம்’ என்று வந்து நிற்கும். படித்துவிட்டுத்தான் போடுகிறாரா என்று எனக்கு ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரிவாக இன்னொன்று வரும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

“ஆறு மாசமாச்சு, ஒரு வரி இல்லை. வயசானவர். படுத்துண்டுட்டாரோ என்னமோ” என்றாள். “அவர் மட்டும் இல்லை. மத்தவாளும் வரதில்லை. போன வாரம் எத்தனை கமெண்ட்?”

“ஏழு.”

“அதுல நாலு, ‘சூப்பர்’. ரெண்டு, கட்டை விரல். ஒருத்தன் வீட்டுக்கடன் வேணுமான்னு கேட்டிருந்தான். முன்னெல்லாம் அம்பது வரும். எனக்கு எழுத வராம போயிடுத்து போலருக்கு. இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கறேன். மஹதிகிட்ட சொல்லிக் கடையைக் கட்டச் சொல்லிடலாம்.”

உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் முப்பத்தாறு வருடமாக அவளோடு குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா. நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டால் அவள் குரல் இறங்கும், கையில் இருக்கும் வேலை வேகமாகும். அன்று வாழைப்பூ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இந்தத் தளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘மூன்றாம் மாடி’ என்று பெயர். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி அது. எங்கள் பெண் மஹதி தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அடையாறில் குடித்தனம். அம்மா போனில் பேசுவதை எல்லாம் எழுதினால் நன்றாயிருக்குமே என்று அவளுக்குத்தான் தோன்றியது. அதுவரை சூடாமணி பால் பாக்கெட் போடுகிறவருக்குச் சீட்டு எழுதியதோடு சரி. முதல் கட்டுரை, எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறார்கள், எந்தப் படியில் எங்களைத் திட்டுகிறார்கள் என்பது பற்றி. ஒரே நாளில் முப்பது பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் பண்டிகை. பத்தரைக்கெல்லாம் தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவாள். உன்னை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். “நான் அவாளைப் பார்க்கறேனே” என்றாள்.

பின்னூட்டங்களைப் பார்த்து உள்ளே விடும் வேலை எனக்கு வந்தது. “நீ சும்மாதானேப்பா இருக்கே” என்றாள் மஹதி. சும்மா இருப்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் முப்பத்து நான்கு வருடம் ஓர் அரசுத் துறையில், பொதுமக்கள் குறைகேட்புப் பிரிவில் இருந்தவன். தபாலில் வரும் வசவைப் படித்து, வசவை நீக்கிக் குறையை மட்டும் எடுத்து மேலே அனுப்புவது என் தொழில். ‘அயோக்கியப் பயல்களா, மூன்று மாதமாக என்ன பிடுங்குகிறீர்கள்’ என்று வந்தால், ‘மனுதாரர் தாமதம் குறித்து வருந்துகிறார்’ என்று எழுதுவேன். அதில் எனக்குக் கெட்டிக்காரன் என்று பெயர். ஆகவே இந்த வேலையையும் முறைப்படி எடுத்துக்கொண்டேன். காலை பத்து மணி, மாலை நான்கு மணி, இரண்டு நேரம் பார்வை. வெள்ளிக்கிழமை மட்டும் பதினொன்றுக்கு ஒரு சிறப்புப் பார்வை. விதிக்கு உட்பட்டிருந்தால் அனுமதி. வீட்டுக்கடன்காரனை உள்ளே விட்டதும் அப்படித்தான். மரியாதையாகத்தான் கேட்டிருந்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவளுடைய கட்டுரைகளில் ஒருவர் அடிக்கடி வருவார். அவருக்குப் பெயர் கிடையாது, ‘இவர்’ மட்டும்தான். இவர் கீரைக்காரம்மாவிடம் ரசீது கேட்டார். இவர் காலண்டரில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டு, நாளைய ராகுகாலத்துக்கு இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டது ரசீது அல்ல, கீரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். தப்புக் கீரை வாங்கி வந்தால் பேச்சு வாங்குவது நான்தானே. ஆனால் ஐம்பது பேர் சிரிக்கிற இடத்தில் நடுவில் புகுந்து இதை விளக்க முடியுமா? போதாததற்கு, அந்த ஐம்பது சிரிப்பையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து உள்ளே விடுகிறவனும் நானே. ‘பாவம் மாமா’ என்று வரும். அனுமதி. ‘மாமாவை ம்யூசியத்தில் வைக்கலாம்’ என்று வரும். அனுமதி. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீரைக் கட்டைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். உண்மையைச் சொல்வதற்கென்ன, அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இவருடைய மத்தியானத் தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாள். ஸஹானா என்ற பெண் ஒரு பின்னூட்டம் போட்டாள். ‘ரிடையர் ஆனதிலிருந்து மாமா ஃபுல் டைம் தண்டச்சோறு போல!’ விளையாட்டுக்கு எழுதியது என்று தெரிந்தது, விதியிலும் இடிக்கவில்லை. அனுமதித்தேன். பத்து நிமிடத்தில் அதற்குக் கீழே சூடாமணியின் பதில் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று. பக்கத்தில், ‘ரெண்டு வேளையும்!’

அடுத்த அறையில்தான் இருந்தாள். சிரிக்கிற சத்தமும் கேட்டது. எனக்கு வலித்தது. முப்பத்து நான்கு வருடம் ஊரார் திட்டியது ஒன்றும் என்னைத் தொட்டதில்லை, இது தொட்டது. அன்று மத்தியானம் குழம்பு சாதத்தைப் பிசையும்போது கை நின்றுவிட்டது. மோர் சாதம் போதும் என்று எழுந்துகொண்டேன். என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மஹதி அமைத்துக் கொடுத்ததில் இரண்டு பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டுவைத்தால், அந்தச் சொல் உள்ள பின்னூட்டம் என் பார்வைக்கென்று தனியாகக் காத்திருக்கும். இரண்டாவது பெட்டியில் போட்டால் என் கண்ணிலேயே படாமல் நேராகக் குப்பைக்குப் போய்விடும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தச் சொல்லை இன்னொரு தடவை படிக்க எனக்குத் தெம்பில்லை.

எப்படிப் போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். இங்கேதான், ஒன்பதாம் வகுப்பில் நான் தமிழில் முதல் பரிசு வாங்கியது தன் வேலையைக் காட்டியது. தண்டச்சோறு என்று போட்டால் நாளைக்கு ஒருவன் தண்டம் என்பான், இன்னொருவன் தண்டத்துக்கு என்பான். தமிழில் ஒரு சொல்லுக்கு வால் வளர்ந்துகொண்டே போகும். பகுதி, விகுதி, இடைநிலை என்று பள்ளிக்கூடத்தில் உயிரை எடுத்தார்களே, அது எதற்கு? விகுதியை வெட்டிவிட்டுப் பகுதியை மட்டும் போட்டால் எல்லா வாலும் அதில் அடங்கிவிடும். ‘தண்ட’ என்று போட்டேன். போட்ட கை சும்மா இருக்கவில்லை. மடையன், மடத்தனம், மடச்சாம்பிராணி எல்லோருக்கும் பொதுவாக ‘மட’. முட்டாளுக்கும் அவன் பரிவாரத்துக்கும் ‘முட்ட’. சனியனுக்கு ‘சனி’. கழுதைக்கு ‘கழுத’. அறுவை, அறுக்கிறார் என்பவர்களுக்கு ‘அறு’. ஆறே ஆறு சொல்தான். அடுத்த வாரமே பின்னூட்டங்கள் பாதியாகக் குறைந்தன. ஊரில் இத்தனை பேர் வாய் சரியில்லாமல் இருந்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன்.

கோதண்டராமன் வராமல் போனதும் அப்போதுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. அதுவும் நானாகப் பார்க்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, சூடாமணி காதில் விழாமல் இருக்க ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப் போய் மஹதிக்குப் போன் செய்தேன்.

“குப்பையைப் பார்த்தியாப்பா?” என்றாள்.

“குப்பையை எதுக்குப் பார்க்கணும்? குப்பைதானே.”

“இரு.” தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, எண்ணூத்திப் பன்னண்டு கமெண்ட் கிடக்கு. ‘முட்ட’ன்னு போட்டியா?”

“முட்டாளுக்கு.”

“முட்டைக்கோஸ்னு எழுதினவா அத்தனை பேரும் குப்பைல இருக்கா. ‘சனி’ போட்டிருக்கே, சனிக்கிழமைன்னு சொன்னவா எல்லாரும் காலி. அம்மா தன்னோட கழுத்து வலியைப் பத்தி எழுதிட்டு, ஒருத்தர்கூட எப்படி இருக்கேன்னு கேக்கலையேன்னு வருத்தப்பட்டாளே, ஞாபகம் இருக்கா? நூத்துப் பத்து பேர் கேட்டிருக்கா. கழுத்துல ‘கழுத’ இருக்குப்பா. அறுபதாம் கல்யாணம் போச்சு, அறுசுவை போச்சு, மடிசார் போச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மடிப்பாக்கம் பூராவையும் தடை பண்ணி வெச்சிருக்கே.”

“அதெப்படி? நான் போட்டது ‘மட’. அது ‘மடி’. ட வேற, டி வேற.”

“கம்ப்யூட்டருக்கு டின்னா ட பக்கத்துல ஒரு கொக்கி, அவ்வளவுதான். அது உன்னை மாதிரி தமிழ்ல ப்ரைஸ் வாங்கலை. கோதண்டராமன்ங்கற பேருக்குள்ள என்ன இருக்குன்னு நீயே பார்த்துக்கோ. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

மேலே ஏறப் போனவன் முதல் மாடிப் படியிலேயே உட்கார்ந்து, போனில் குப்பையைத் திறந்தேன். கோதண்டராமன் மட்டும் நாற்பத்தொன்று எழுதியிருந்தார். ஜூன் மாதம்: ‘அம்மா, முட்டைக்கோஸ் கூட்டுக்கு நீங்கள் சொன்ன அளவில் பெருங்காயம் சற்றுத் தூக்கல் என்பது என் அபிப்பிராயம். மற்றபடி மிக அருமை.’ அடுத்த வாரம்: ‘சென்ற வாரம் நான் எழுதியது வெளிவரவில்லை. பெருங்காயம் பற்றிக் கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’ அதற்கடுத்த வாரம்: ‘அதே அளவில் செய்து பார்த்தேன். பெருங்காயம் சரியாகவே இருந்தது.’ ஜூலையில் தன்னைப் பற்றிச் சொன்னால் நம்பிக்கை வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது: ‘நான் முப்பத்தொன்பது வருடம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். ஒரு புகார் கிடையாது.’ ஆகஸ்டில் பெயரில் பாதியை எடுத்துவிட்டு, ‘ராமன், மடிப்பாக்கம்’ என்று முயற்சி செய்திருந்தார். செப்டம்பரில் ஊரை எடுத்துவிட்டு முழுப் பெயரைப் போட்டிருந்தார். இரண்டையும் எடுத்திருந்தால் உள்ளே வந்திருப்பார். ‘பெயரும் ஊரும் இல்லாமல் எழுதினால் மொட்டைக் கடிதம் ஆகிவிடும், அதற்கு மனம் ஒப்பவில்லை’ என்று அவரே ஓரிடத்தில் எழுதியிருந்தார். கடைசியாக, பதினைந்து நாள் முன்பு: ‘இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். படிக்க மட்டும் அனுமதி வேண்டும். என் மனைவி மீனாட்சி போனபின் ஒரு வீட்டின் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிவது இங்கேதான். என்னால் பிழை நேர்ந்திருந்தால் கீழ்க்கண்ட எண்ணில் கூப்பிட்டுத் திட்டவும்.’

படிக்கப் படிக்க எனக்கு அவமானமாக இருந்தது. எத்தனை ஆயிரம் மனுக்களைப் படித்திருக்கிறேன், இப்படி ஒருவர் மண்டியிட்டு எழுதியதைப் பார்த்ததில்லை. அதுவும் கூட்டுப் பெருங்காயத்துக்காக.

அன்று மாலை ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று ஆரம்பித்து அவருக்கு மூன்று வரைவு எழுதினேன். மூன்றிலும் குற்றவாளி கம்ப்யூட்டர்தான். கிழித்துப் போட்டேன். மறுநாள் புதன்கிழமை, அதே ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

“அலோ, யாரு?”

“என் பேர் விஜயராகவன். மயிலாப்பூர்லேர்ந்து பேசறேன்.”

“எந்த விஜயராகவன்?”

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “மூன்றாம் மாடி... சூடாமணி...” என்றேன்.

“சார்!” என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, எழுந்து நின்றுவிட்டார். “நீங்க ‘இவரா’ சார்? கீரைக்கு ரசீது கேட்டவரு?”

“ரசீது இல்லை, சீட்டு.”

“அம்மா நல்லா கீறாங்களா சார்? வாரா வாரம் படிச்சிகினுதான் கீறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?”

சொன்னேன். பகுதி, விகுதி, டவுக்குப் பக்கத்தில் கொக்கி, எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ பெருங்காயம் இல்லியா?” என்றார் கடைசியில்.

“பெருங்காயம் இல்லை.”

“ஆறு மாசமா அந்தப் பெருங்காயத்தையே நெனச்சிகினு கீறேன் சார்.” பெருமூச்சு விட்டார். அப்புறம் மெல்லச் சிரிப்பு கிளம்பியது. “பேரு எங்க நைனா வெச்சது. வேலை தண்டவாளத்துல. வூடு மடிப்பாக்கத்துல. நான் எந்தப் பக்கம்தான் சார் வர்றது?” இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, “ஆமா சார்” என்றார். “மத்ததெல்லாம் திட்டு, சரி. இந்த தண்டன்ற வார்த்தைய இன்னாத்துக்குப் புடிச்சு உள்ள போட்டீங்க?”

“சும்மா, பொதுவாதான்.”

அவர் மறுபடி நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. “ரிடையர் ஆன மறுமாசம் எம்புள்ள என்னைய அப்டி சொன்னான் சார். வெளையாட்டுக்குத்தான். ரெண்டு நாளு சோறு எறங்கல. ஏழு வருசம் ஆச்சு, இன்னும் அவனாண்ட சொன்னதில்ல. அவனுக்கு நெனப்பே இருக்காது.”

சரி சார், அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க என்று வைத்துவிட்டார். நான் ஒரு ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வண்டிக்காரர் வந்து, எடுக்கணும் சார் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் சூடாமணி சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். தலைகீழாகப் பார்த்தும் எனக்குப் படிக்க முடிந்தது. தலைப்பு, ‘விடைபெ’ என்று நின்றிருந்தது.

“விடைபெறுகிறேனுக்குச் சின்ன ரவா, பெரிய றவா?” என்றாள், நிமிராமல்.

“அதை எழுதாதே.”

நிமிர்ந்தாள். எதிரே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முட்டைக்கோஸில் அவளுக்குச் சிரிப்பு ஆரம்பித்தது. கழுத்து வலியில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மடிப்பாக்கம் வந்தபோது புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போதும், போதும், வயிறு வலிக்கறது” என்றாள். கோதண்டராமனின் நாற்பத்தொன்றையும் எடுத்துக் காட்டினேன். அதைப் படிக்கும்போது சிரிப்பு நின்றது. கடைசி வரை பொறுமையாகப் படித்தாள்.

“பாவம் மனுஷன். நிஜமாவே அன்னிக்குப் பெருங்காயம் தூக்கல்தான்” என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மத்ததெல்லாம் வசவு. ‘தண்ட’ எதுக்கு? அதை யார் எழுதினா?”

“ஸஹானான்னு ஒருத்தி. மே மாசம்.”

“அது சின்னப் பொண்ணு. விளையாட்டுக்கு எழுதியிருப்பா.”

“அவ எழுதினதுக்கு இல்லை. நீ பதில் போட்டே.”

“என்ன போட்டேன்?”

“ரெண்டு வேளையும்.”

அவளுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்துக்குக் கொண்டுவர முயற்சி செய்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு வந்துவிட்டது என்பதும் தெரிந்தது. “அதுக்கா?” என்றாள், மிகவும் மெதுவாக.

“எனக்கு ரொம்ப வலிச்சுது சூடா” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் இரண்டாவது பெட்டியைத் திறந்து, ஆறு சொல்லையும் அழித்து வெறுமையாக்கினேன். அன்று முழுவதும் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். மாம்பழக் கலரில், பண்டிகைக்குக் கட்டுவது. பதினொரு மணிக்குக் கட்டுரை ஏறியது. ‘மடிப்பாக்கத்து வாசகர்களுக்கு ஒரு மன்னிப்பு’ என்று தலைப்பு. விடைபெறுவது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இவர் விகுதியை வெட்டிய கதை முழுவதும் இருந்தது. முட்டைக்கோஸ் இருந்தது, சனிக்கிழமை இருந்தது, தமிழில் முதல் பரிசு இரண்டு இடத்தில் இருந்தது. கோதண்டராமனிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தாள், பெருங்காயத்துக்கும் சேர்த்து. படித்துக்கொண்டே வந்தவன், ‘தண்ட’ வரப்போகிற இடத்தில் மெல்லப் படித்தேன். ‘இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் பயம். ஆகவே தண்டவாளத்தையும் தடை செய்துவிட்டார்’ என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். எனக்கு ரயில் பயம் கிடையாது. இன்றைக்கும் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறவன். மூன்று வருடத்தில் அவள் என்னைப் பற்றி எழுதிய பொய்களில் இதற்கு மட்டும் எனக்குத் திருத்தம் சொல்லத் தோன்றவில்லை.

பதினொன்று நான்குக்கே வந்துவிட்டது. ‘முதல் பின்னூட்டம். மிக அருமை. கோதண்டராமன், தண்டவாளப் பிரிவு, ஓய்வு, மடிப்பாக்கம்.’ பத்து நிமிடம் கழித்து இரண்டாவது: ‘ரயிலைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்று இவரிடம் சொல்லவும். தேவைப்பட்டால் நானே வந்து கைப்பிடித்து ஏற்றிவிடுகிறேன்.’ சூடாமணி அதை மூன்று தடவை உரக்கப் படித்தாள். அதற்குள் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். மடிப்பாக்கத்திலிருந்து மட்டும் பதினோரு பேர். ஒருவர் வேண்டுமென்றே ஆறு சொல்லையும் வைத்து ஒரு வெண்பா மாதிரி எழுதியிருந்தார், தளை தட்டியது, அனுமதித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அறுபதைத் தாண்டிவிட்டது.

நான்கு மணிப் பார்வைக்கு உட்கார்ந்தேன். அடுப்படியில் ஏதோ சீவும் சத்தம். காத்திருந்தது ஒரே ஒரு பின்னூட்டம். பெயர் இருந்த இடத்தில் ‘சூடாமணி, இதே வீடு’ என்று இருந்தது. போனிலிருந்து எழுதியிருக்கிறாள். போனில் வந்தால் தளத்துக்கு அவளும் வெளி ஆள்தான், என் அனுமதி வேண்டும்.

‘அந்த ஸஹானா தண்டச்சோறுன்னு எழுதினதுக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க சரியாவே சாப்பிடலை. பார்த்தேன். வெயில்னு சொன்னேள், நம்பிட்டேன். வாழைக்காய் பஜ்ஜி போடறேன். எத்தனை?’

இரண்டு தடவை படித்தேன். எழுந்து போய்ச் சொல்லலாம், பத்தடி தூரம்தான். ஆனால் கேட்டது இங்கே, பதிலும் இங்கேதான் போட வேண்டும் என்று இருந்தது. பதில் போட வேண்டுமென்றால் முதலில் அனுமதிக்க வேண்டும். அனுமதித்தால் ரயில் பயம் பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஸஹானா படிப்பாள், அடையாறில் மஹதி படிப்பாள், காய்கறிக் கடைப் பெண்மணி படிப்பாள்.

அனுமதித்தேன். கீழே ‘நாலு’ என்று எழுதினேன்.

அடுப்படியில் அவளுடைய போன் ஒரு தடவை கூவியது. சீவும் சத்தம் நின்றது. அப்புறம் எண்ணெயில் ஒன்று விழுந்து பொரிந்தது. இரண்டு. மூன்று. நான்கு. கொஞ்சம் பொறுத்து, ஐந்தாவதும் விழுந்தது.